எலிசபெத் கேட்லெட்டும் மெக்சிகோவின் சுவரொட்டிப் பட்டறையும்

1941-இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக்கு பிக்காசோ ஓவியங்களின் பெரிய கண்காட்சி ஒன்று வந்தது. அது நடந்த அருங்காட்சியகம் ஒரு நகரப் பூங்காவுக்குள் இருந்தது. அந்தப் பூங்காவில் கறுப்பர்கள் கால் வைக்கக் கூடாது. ஆகவே, "ஓவியம் பார்க்க வராதே" என்று தனியாக ஒரு விதி எழுதவேண்டிய அவசியம்கூட யாருக்கும் இருக்கவில்லை. பூங்காவின் வாசலே போதுமானதாக இருந்தது. அங்கே ஒரு கறுப்பினக் கல்லூரியில் கலை கற்பித்துக்கொண்டிருந்த எலிசபெத் கேட்லெட், பொதுமக்களுக்கு மூடியிருக்கும் நாளாகப் பார்த்துத் தன் மாணவர்களைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனார். அருங்காட்சியக வாசலை ஒட்டி வண்டி நின்றது. இறங்கியவர்கள் பூங்கா மண்ணை மிதிக்காமல் நேரே கட்டடத்துக்குள் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதற்குமுன் எந்த அருங்காட்சியகத்தையும் பார்த்ததில்லை.

கேட்லெட்டுக்கே இது பழக்கப்பட்ட வாசல்தான். 1915-இல் வாஷிங்டனில் பிறந்தவர். அவருடைய தாத்தா, பாட்டி தலைமுறை அடிமைகளாக வாழ்ந்தது. கார்னகி தொழில்நுட்பக் கழகத்தின் நுழைவுத் தேர்வில் தேறினார். கறுப்பினப் பெண் என்று தெரிந்ததும் இடம் மறுக்கப்பட்டது. அயோவா பல்கலைக்கழகத்தில் சிற்பக் கலையில் முதுநிலைப் பட்டம் பெற்றார். ஆனால் அங்கே விடுதியில் தங்க அனுமதி இல்லை. வகுப்பறை உண்டு, படுக்கை இல்லை. உனக்கு நன்றாகத் தெரிந்ததைச் செய் என்று அங்கே ஆசிரியர் கிராண்ட் வுட் சொன்னதைக் கேட்லெட் வாழ்நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டார். அவருக்கு நன்றாகத் தெரிந்தது கறுப்பினப் பெண்களின் வாழ்க்கை.

ஆனால் யாரை வரைவது என்பது ஒரு கேள்வி, யாருக்காக வரைவது என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கான விடை ஹார்லெமில், உழைக்கும் மக்களுக்காக நடந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் பள்ளியில் கிடைத்தது. பகலெல்லாம் உழைத்துவிட்டு மாலையில் படிக்க வந்தவர்களுக்கு அவர் சிற்பமும் கற்பித்தார், உடை தைக்கவும் கற்பித்தார். கலைக்கு ஏங்கும் மனம் இவர்களிடம் இருந்தது. கலைக்கூடங்களோ இவர்களை ஒரு பார்வையாளராகக்கூட எண்ணியதில்லை. இனி தன் வேலை இவர்களுக்காகத்தான் என்று கேட்லெட் முடிவுசெய்தது இங்கேதான்.

1946-இல் ஓர் ஆய்வு நிதியுதவியோடு மெக்சிகோவுக்குப் போனார். சும்மா பார்த்துவிட்டு வரப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார்.

மெக்சிகோவின் பொதுக் கலை என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது தியெகோ ரிவேரா, ஒரோஸ்கோ, சிகெய்ரோஸ் ஆகியோரின் சுவரோவியங்கள். அவை மகத்தானவை, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தச் சுவர்களில் பல அரசாங்கக் கட்டடங்களின் சுவர்கள். படத்தைப் பார்க்க மக்கள் அங்கே போக வேண்டும். 1937-இல் மெக்சிகோ நகரத்தில் தொடங்கப்பட்ட மக்கள் வரைகலைப் பட்டறை இதைத் தலைகீழாக்கியது. படம் மக்களிடம் போயிற்று. அதைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் லியோபோல்தோ மெந்தெஸ், ஒரு செருப்புத் தொழிலாளியின் மகன். ஓசெ குவாதலூப்பெ போசாதா என்ற பழைய அச்சுக்கலைஞரைத்தான் இவர்கள் முன்னோடியாகக் கொண்டாடினார்கள். தெருவில் விற்கும் மலிவுத் தாள்களுக்கு எலும்புக்கூட்டுப் படங்கள் செதுக்கிப் பிழைத்து, 1913-இல் வறுமையில் செத்துப்போனவர் அவர்.

பட்டறை வேலைசெய்த விதத்தை இளைய தோழர்கள் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். ஒரு தொழிற்சங்கமோ விவசாயிகளோ மாணவர்களோ வந்து, எங்களுக்கு இன்ன போராட்டம், ஒரு சுவரொட்டி வேண்டும் என்பார்கள். உறுப்பினர்கள் கூடிப் பேசுவார்கள். ஒருவர் வரைந்து கொண்டுவருவார். மற்றவர்கள் அதைக் கூறுபோடுவார்கள்: இந்தக் கை தெளிவாக இல்லை, படிக்கத் தெரியாதவருக்கு இது புரியுமா? அவர் திருத்திக்கொண்டு வருவார். பிறகு லினோலியம் பலகையில் செதுக்கி, மை தடவி, மலிவான தாளில் அச்சிட்டு விநியோகிப்பார்கள். லினோலியம் என்பது வீட்டுத் தரையில் விரிக்கும் சாதாரண விரிப்புதான். கல்லும் செம்பும் வாங்கக் காசில்லாதவர்களுக்கு அது போதும். பல சுவரொட்டிகளில் தனிக் கலைஞரின் பெயர் இருக்காது, பட்டறையின் பெயர்தான் இருக்கும். எழுத்தறிவு இயக்கத்துக்கும் இவர்கள் படம் வரைந்தார்கள். கிராமப்புற ஆசிரியர்கள் மதவெறியர்களால் கொல்லப்பட்டதை மெந்தெஸ் 1939-இல் ஏழு கல்லச்சுப் படங்களாக வெளியிட்டார். 1947-இல் மெக்சிகோப் புரட்சியின் கதையைப் பட்டறை 85 படங்களில் சொன்னது.

பட்டறையைப் புனிதமாக்கவும் வேண்டாம். 1940-இல் சிகெய்ரோஸ் தலைமையில் த்ரோத்ஸ்கியின் வீட்டைத் துப்பாக்கியோடு தாக்கிய கும்பலில் பட்டறையோடு தொடர்புடையவர்களும் இருந்தார்கள். கூட்டாக வேலைசெய்யும் பண்பு அரசியல் தவறுகளிலிருந்து யாரையும் தானாகக் காப்பாற்றிவிடாது.

கேட்லெட் அங்கே செய்த முதல் பெரிய வேலை, 1946-47இல் கறுப்பினப் பெண்ணைப் பற்றிச் செதுக்கிய 15 படங்கள். வயலில் ஒருத்தி, அடுத்தவர் வீட்டுத் தரையைத் துடைக்கும் ஒருத்தி, கிதார் வாசிக்கும் ஒருத்தி. அடிமைகளைத் தப்புவித்த ஹேரியட் டப்மன், சோஜர்னர் ட்ரூத், கவிஞர் ஃபிலிஸ் வீட்லி. பேருந்தில் கறுப்பருக்கென ஒதுக்கிய இருக்கையில் உட்கார்ந்திருக்கும் பெண். கழுத்தில் கயிற்றோடு தரையில் கிடக்கும் ஆண். அவனைக் கொன்றவர்களின் கால்கள் மட்டும் தெரிகின்றன, முகங்கள் இல்லை. படங்களின் தலைப்புகளை வரிசையாகப் படித்தால் ஒரு பெண் தன் கதையைத் தானே சொல்வதுபோல இருக்கும். "அவள்" என்று யாரோ இரக்கப்பட்டுச் சொல்லவில்லை. "நான்" என்கிறாள். என் கணிப்பில் இந்த ஒரு சொல்லுக்குள்தான் அந்தத் தொடரின் அரசியல் முழுதும் இருக்கிறது.

பட்டறை ஓவியர் பிரான்சிஸ்கோ மோராவை மணந்து, மூன்று மகன்களைப் பெற்று, 1966 வரை அங்கே உறுப்பினராக இருந்தார் கேட்லெட். மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழகத்தில் சிற்பத் துறைக்குத் தலைமை ஏற்றார். இதற்கெல்லாம் விலை இருந்தது. மெக்சிகோவில் ரயில்வே தொழிலாளர் போராட்டம் ஒடுக்கப்பட்ட காலத்தில், கலகம் மூட்டும் வெளிநாட்டவர் என்று கைதுசெய்யப்பட்டார். 1962-இல் மெக்சிகோ குடியுரிமை பெற்றதும், விரும்பத்தகாத அந்நியர் என்று முத்திரை குத்திய அமெரிக்கா அவர் உள்ளே வரத் தடை போட்டது. பிறந்த நாட்டில் கறுப்புச் சக்தி இயக்கம் எழுந்தபோது அவரால் எல்லை தாண்ட முடியவில்லை, அவர் படங்கள் தாண்டின. 1969-இல் மால்கம் எக்ஸ் பற்றிய படம், 1970-இல் பிளாக் பாந்தர்களுக்கு அஞ்சலியாக ஒரு படம். 1971-இல் ஹார்லெமில் அவருடைய கண்காட்சி நடந்தபோதுதான், ஆதரவாளர்களின் வற்புறுத்தலுக்குப் பிறகு, விசா கிடைத்தது. அமெரிக்கக் குடியுரிமை 2002-இல் திரும்ப வந்தது. இடம் மறுத்த கார்னகி, 2008-இல் மதிப்புறு முனைவர் பட்டம் கொடுத்தது. அப்போது அவருக்கு 93 வயது. 2012-இல் மெக்சிகோவின் குவெர்னவாகாவில் காலமானார்.

அவருடைய படங்களில் அதிகம் அறியப்பட்டது 1952-இல் செதுக்கிய ஒன்று. வாரத்துக்கு உழும் ஒரு கறுப்பினப் பெண், அகன்ற வைக்கோல் தொப்பி, நரைத்த முடி. பார்வை நம்மைத் தாண்டி எங்கோ போகிறது. இன்று அது பெரிய அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குப் பின்னால் தொங்குகிறது. படம் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும், தேடிப் பாருங்கள். முகத்தைப் பார்த்த பிறகு கழுத்துக்குக் கீழே பாருங்கள். அவள் மேற்சட்டையைச் சேர்த்துப் பிடித்திருப்பது பொத்தான் இல்லை, ஓர் ஊக்கு.