ஓடி ஒளிந்த ஆயர்கள்

கி.பி. 391. வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ என்னும் துறைமுக நகரம். இன்று அல்ஜீரியாவில் அன்னாபா என்று வழங்கும் ஊர். ஒருவரைச் சந்திப்பதற்காக அங்கே வந்திருந்த அகுஸ்தீன் கோயில் வழிபாட்டில் கலந்துகொண்டார். ஆயர் பதவி காலியாக இருக்கும் ஊர்களுக்கு அவர் போவதே இல்லை. பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள் என்ற பயம். ஹிப்போவில் வலேரியுஸ் என்ற ஆயர் இருந்தபடியால் துணிந்து வந்துவிட்டார். வலேரியுஸோ கிரேக்கர், வயதானவர். இலத்தீன் மொழியில் பிரசங்கிக்கச் சிரமப்பட்டார். தமக்குத் துணையாக ஒரு குரு தேவை என்று அவர் சபையில் சொன்னதும், மக்கள் அகுஸ்தீனைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

அகுஸ்தீன் அழுதார். ஆயராக்காமல் வெறும் குருவாக்குகிறார்களே என்றுதான் அழுகிறார் என நினைத்த சிலர், அதுவும் சீக்கிரமே கிடைக்கும் என்று ஆறுதல் சொன்னார்களாம். அவருடைய நண்பரும் வரலாற்றை எழுதியவருமான பொசிதியுஸ் தரும் செய்தி இது.

கிறிஸ்தவத் தலைமை பற்றிய பழைய சிக்கல் முழுவதும் இந்தக் காட்சியில் அடங்கியிருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தாழ்மையின் கண்ணீரும் ஆசையின் கண்ணீரும் ஒன்றாகவே தெரிகின்றன.

மக்களின் குரலே அழைப்பு

அழைப்பு என்றால் ஒருவர் தம் உள்ளத்தில் உணர்வது என்று இன்று நாம் எண்ணுகிறோம். நான்காம் நூற்றாண்டில் சபையின் குரலே பெரும்பாலும் முதலில் வந்தது. கி.பி. 374-இல் மிலான் நகரில் ஆயர் தேர்தலை ஒட்டிக் கலகம் மூளும் நிலை. அமைதி காக்கச் சென்ற ஆளுநர் அம்புரோசியாரையே ஆயராக்கும்படி கூட்டம் குரல் எழுப்பியது. அவர் அப்போது ஞானஸ்நானம்கூடப் பெறாதவர். தம் பெயரைத் தாமே கெடுத்துக்கொள்ளப் பார்த்தார். இரவில் தப்பி ஓடியும் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. ஞானஸ்நானம் பெற்ற சில நாட்களுக்குள் ஆயராக அபிஷேகம் செய்யப்பட்டார்.

மார்ட்டின் என்ற துறவியை, நோயுற்ற மனைவிக்காக வரவேண்டும் என்று பொய் சொல்லி மடத்திலிருந்து வரவழைத்து, பிரான்சின் தூர் நகருக்கு ஆயராக்கினார்கள். அங்கிருந்த ஆயர்கள் சிலருக்கு அவருடைய அழுக்கு உடையும் கலைந்த முடியும் பிடிக்கவில்லை என்பது வேறு கதை.

கி.பி. 469-இல் இது சட்டமாகவே வந்தது. காசு கொடுத்து ஆயர் பதவி வாங்குவதைத் தடுக்க லியோ, அந்தேமியுஸ் என்னும் பேரரசர்கள் பிறப்பித்த ஆணை, ஆயராகத் தக்கவர் பதவியைத் தேடாதவராக, அழைத்தால் விலகுபவராக, கட்டாயப்படுத்தப்பட வேண்டியவராக இருக்கவேண்டும் என்றது. நோக்கம் நல்லதுதான். ஆனால் மறுப்பதே தகுதி என்று ஆனபின், மறுப்பதுபோல் நடிக்கவும் ஒருவர் கற்றுக்கொள்ளலாம் அல்லவா?

கிரகோரியாரின் விடை

இந்த முடிச்சை அவிழ்க்க முயன்றவர்களில் முக்கியமானவர் பெரிய கிரகோரியார். ரோம் நகரின் தலைமை அதிகாரியாக இருந்து, அதைத் துறந்து, தம் குடும்ப மாளிகையையே மடமாக்கியவர். கி.பி. 590-இல் கொள்ளைநோயில் திருத்தந்தை இறந்ததும் மக்கள் இவரைத் தேர்ந்தெடுத்தனர். ஒப்புதல் தரவேண்டாம் என்று இவர் பேரரசருக்கு எழுதிய கடிதத்தை நகர அதிகாரி வழியிலேயே மறித்துவிட்டார் என்பர். 'இப்படி ஒளிந்துகொள்ளப் பார்த்தீரே' என்ற பொருளில் கடிந்துகொண்ட ராவென்னா ஆயருக்குப் பதிலாகவே 'மேய்ப்புப்பணி விதி' என்ற நூலை எழுதினார்.

அதில் இரண்டு தீர்க்கதரிசிகளை ஒப்பிடுகிறார். ஏசாயா தாமே முன்வந்தார். எரேமியா, தாம் சிறுவன் என்று தயங்கினார். இருவரில் யார் சரி? இருவரையும் நடத்தியது அன்புதான் என்கிறார் கிரகோரியார். பிறருக்குப் பயன்பட விரும்பி ஒருவர் முன்வந்தார். கடவுளோடு தனித்திருக்க விரும்பி மற்றவர் தயங்கினார். ஆனால் முன்வந்தவர் முதலில் தூய்மையாக்கப்பட்டிருந்தார். தயங்கியவர் கடைசிவரை பிடிவாதம் பிடிக்கவில்லை. தகுதியும் அழைப்பும் இருந்தும் மறுத்துக்கொண்டே இருப்பது தாழ்மை ஆகாது என்பதே அவர் முடிவு.

ஆயர் பதவியை விரும்புவது நல்லதே என்று பவுல் எழுதியதற்கும் அவர் விளக்கம் தருகிறார். அந்தக் காலத்தில் தலைவனாக இருப்பவனே முதலில் வேதனைக்கு இழுத்துச் செல்லப்பட்டான். அப்படிப்பட்ட பதவியை விரும்புவதில் தவறில்லை!

இறங்கி வந்தவர்

ஏற்றுக்கொள்வதும் தாழ்மை என்றால், விட்டுவிடுவது? 1294 ஜூலையில், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் முடிவுக்கு வராமல் இழுத்த தேர்தலின் இறுதியில், மலைக்குகையில் தவமிருந்த முதியவர் பியெத்ரோ ஐந்தாம் செலஸ்தீன் என்ற பெயரில் திருத்தந்தை ஆனார். லாக்குயிலா நகருக்குக் கழுதைமேல் வந்தார். பக்தி இருந்தது, நிர்வாகம் தெரியவில்லை. நேப்பிள்ஸ் மன்னரின் கைக்குள் அடங்கிப்போனார். திருத்தந்தை பதவி விலகலாம் என்று ஆணை பிறப்பித்துவிட்டு, டிசம்பர் 13 அன்று தாமே விலகினார். அடுத்து வந்த எட்டாம் போனிபாஸ் அவரைக் காவலில் வைத்தார். 1296-இல் அங்கேயே இறந்தார். தாந்தே தம் காவியத்தில் நரக வாசலில் பெயர் சொல்லாமல் நிறுத்திய கோழை இவர்தான் என்று பழைய உரைகாரர்கள் பலர் கருதினர். திருச்சபையோ 1313-இல் அவரைப் புனிதராக அறிவித்தது. ஒரே செயலுக்கு இரண்டு தீர்ப்புகள்.

2009-இல் நிலநடுக்கத்தால் சிதைந்த லாக்குயிலாவுக்குச் சென்ற பதினாறாம் பெனடிக்ட், செலஸ்தீனின் உடல்மேல் தம் பதவிச் சின்னமான தோள்துகிலை வைத்துவிட்டு வந்தார். அதன் பொருள் அன்று யாருக்கும் தோன்றவில்லை. 2013 பிப்ரவரியில் அவர் பதவி விலகியபோதுதான் பலர் அதை நினைவுகூர்ந்தார்கள்.

ஹிப்போவில் அழுத அகுஸ்தீன், பிறகு வலேரியுஸுக்கு எழுதி, வேதத்தைப் படிக்கச் சிறிது கால அவகாசம் கேட்டார். அதன்பின் தப்பி ஓடவில்லை. கி.பி. 430-இல் வாண்டல் படைகள் நகரைச் சூழ்ந்திருந்தபோது, முப்பத்தைந்து ஆண்டுகளாக ஆயராக இருந்த அதே ஊரில் இறந்தார். அவர் கண்ணீரின் பொருளை அன்று கூட்டத்தில் நின்றவர்களால் சொல்ல முடியவில்லை. பின்வந்த ஆண்டுகள் சொல்லின.