படம் யாருடைய எழுத்து?

எழுத்து வேலி, படம் பொதுவெளி என்று சுலபமாக நம்பிடுறோம். கணிப்பொறித் திரையின் வரலாறு வேறு சொல்கிறது.

1981இல் ஜெராக்ஸ் 'ஸ்டார்' கணிப்பொறி வந்தது. கட்டளையைத் தட்டச்சு செய்த இடத்தில் காகிதம், கோப்புறை, இழுப்பறை, தபால் தட்டு எனப் படங்கள். யாருக்குப் பழகின பொருள்கள் இவை? அமெரிக்க அலுவலகத்தில் மேசை கிடைத்தவருக்கு. மெக்கின்டாஷ் (1984) திரையின் குப்பைத்தொட்டிக்கு அமெரிக்கப் பதிப்பில் ஒரு பெயர், பிரிட்டிஷ் பதிப்பில் வேறொன்று. ஆங்கிலத்துக்குள்ளேயே ஒரு படம் ஒரு சொல்லில் அடங்கவில்லை.

'சேமி' பொத்தானில் ப்ளாப்பி வட்டு. சோனி அதன் விற்பனையை ஜப்பானில் 2011இல் நிறுத்தியது. பொருள் போனது, படம் நிற்கிறது. ப்ளாப்பியையே பார்க்காத பிள்ளைகள் அதை 'அ', 'ஆ' மாதிரி மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். ஆக, படமும் எழுத்தாகிவிட்டது. கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும்.

மென்பொருள் கையேடு அரசியலாவது இங்கேதான். 'இதை அழுத்தவும்' என்று எழுதி, பெயரில்லாமல் பொத்தானின் படத்தை மட்டும் ஒட்டினால், திரையை வாசித்துக்காட்டும் மென்பொருள் வழியாகப் படிக்கும் பார்வையற்றவருக்கு அந்த வரியில் ஓட்டைதான். படத்துக்கு மாற்றுச் சொல் கட்டாயம் என 1997இல் எச்.டி.எம்.எல். 4.0 சொன்னது இவரையும் மனதில் வைத்துத்தான். அப்போ சொல் மட்டும் போதுமா? பொத்தானில் இருப்பது ஆங்கிலம் என்றால், அது தெரியாதவருக்குப் படம்தானே கைப்பிடி.

படமா எழுத்தா என்பது பொய்க் கேள்வி. ஸ்டாரிலேயே படத்தோடு பெயரும் இருந்தது. பிறகு பெயரை அழித்தது யாருடைய வசதிக்காக என்பதே கேள்வி.