கட்டணமில்லாத வானலை

நம் நாட்டில் தொலைக்காட்சி, வானொலியின் மடியிலே வளர்ந்த குழந்தை. 1959 செப்டம்பர் 15 அன்று டில்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கிய அது, 1976இல்தான் வானொலியிலிருந்து பிரிந்து தனித்துறையாயிற்று. அதன் அலைகளோ கோபுரங்களைச் சுற்றியே நின்றன. தொலைவும் மலையும் குறுக்கிட்டன.

1975-76இல் ஏ.டி.எஸ்.-6 என்னும் அமெரிக்கச் செயற்கைக்கோளின் துணையால், ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்கள் வானிலிருந்தே நேராக நிகழ்ச்சிகளைப் பெற்றன. ஓராண்டில் அக்கோள் விலகிற்று. அது புகட்டிய பாடம் நின்றது.

அப்பாடத்தின் பயனாக, 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் 33 அலைவரிசைகளுடன் 'டிடி டைரக்ட் பிளஸ்' என்ற டிஜிட்டல் சேவையைத் தொடங்கிற்று. கூரையில் ஒரு கிண்ண ஆன்டெனா, வீட்டினுள் ஒரு செட்டாப் பெட்டி. இவற்றை ஒருமுறை வாங்கினால் போதும், மாதக் கட்டணம் இல்லை. பின்னாளில் அது 'டிடி ஃப்ரீ டிஷ்' எனப் பெயர் பெற்றது.

தனியார் அலைவரிசைகள் இதில் ஏலத்தில் இடம் பெறுகின்றன. அத்தொகை பொதுச் சேவைக்கு வருவாய். ஆயினும் ஏலத்தில் முந்துவது பெரும்பாலும் கேளிக்கையே. உழவருக்கென 2015 மே 26 அன்று தொடங்கிய 'டிடி கிசான்' போன்றவை விலை கூறி இடம் பிடிக்க இயலாதவை. அவற்றுக்குரிய இடத்தை ஏலத்துக்கு அப்பால் வைத்துக் காக்கும்வரையில்தான் இவ்வானலையை நாம் பொதுச் சொத்து எனலாம்.