பள்ளிகளில் பாலியல் கல்வியும் பெற்றோரின் பங்கும்

பாலியல் கல்வி என்பது உடல் வளர்ச்சி, பூப்பு, இனப்பெருக்கம், உடல்நலம், பாதுகாப்பு, ஒப்புதல், பிறரோடு கொள்ளும் உறவுகள் ஆகியவற்றைக் குறித்து வயதுக்கு ஏற்ப அளிக்கப்படும் கல்வி ஆகும். இந்தியாவில் இது வளரிளம் பருவக் கல்வி, வாழ்க்கைத் திறன் கல்வி ஆகிய பெயர்களிலும் வழங்குகின்றது. இதனைக் கற்பிக்கும் பொறுப்பு பள்ளிக்கு உரியதா, பெற்றோருக்கு உரியதா என்பது நெடுங்கால விவாதம் ஆகும். விருதுநகர் மாவட்டத்தின் ஏழாயிரம்பண்ணை போன்ற ஊர்களில் இக்கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு.

வரலாறு

சுவீடன் 1955 ஆம் ஆண்டில் பாலியல் கல்வியைப் பள்ளிகளில் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 1980 இல் தொடங்கிய மக்கள்தொகைக் கல்வித் திட்டம் இதற்கு முன்னோடி எனலாம். 2005 இல் நடுவண் அரசின் மனிதவள மேம்பாட்டு அமைச்சும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் இணைந்து வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைத் தொடங்கின. அதன் பாடப்பொருளுக்கு எதிர்ப்பு எழுந்ததால், 2007 இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் உட்படச் சில மாநிலங்கள் அதனை நிறுத்தின. 2009 இல் வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழுவும் பள்ளிகளில் பாலியல் கல்வி கூடாது எனப் பரிந்துரைத்தது.

தமிழில் இப்பொருளைப் பொதுவெளியில் பேசியோருள் மனநல மருத்துவர் மாத்ருபூதம் குறிப்பிடத்தக்கவர். விஜய் தொலைக்காட்சியில் இவர் நடத்திய "புதிரா புனிதமா" நிகழ்ச்சி பரவலாக அறியப்பட்டது.

சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றின் மேல்முறையீட்டில், உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 2024 இல் அளித்த தீர்ப்பு, ஒப்புதல் பற்றிய புரிதலை இளையோருக்கு அளிக்கும் முழுமையான பாலியல் கல்வியை வலியுறுத்தியது.

பாடநூலும் வீடும்

தமிழ்நாட்டின் எட்டாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் "வளரிளம் பருவமடைதல்" என்ற பாடம் உள்ளது. பத்தாம் வகுப்பில் மனித இனப்பெருக்கம் கற்பிக்கப்படுகின்றது. இவை பெரிதும் உடலியல் சார்ந்தவை. விருப்பம், மறுப்பு, நட்பு, காதல் போன்றவை அறிவியல் பாடத்தில் அடங்குவதில்லை.

வீட்டில் நிலைமை வேறானது. பெண் பூப்பெய்தினால் மஞ்சள் நீராட்டு விழா எடுத்தல், தாய்மாமன் சீர் கொண்டுவருதல், உறவினரை அழைத்து விருந்திடுதல் ஆகியன தமிழகத்தில் பரவலான வழக்கங்கள். பூப்பு ஊரறிய அறிவிக்கப்பட்டாலும், அது ஏன் நிகழ்கிறது என்பது அப்பெண்ணுக்கு விளக்கப்படுவது அரிது. ஆண் பிள்ளைகளுக்கு இத்தகைய சடங்கும் இல்லை, விளக்கமும் இல்லை.

ஏழாயிரம்பண்ணை வட்டாரம்

முன்னாளில் பாளையமாக விளங்கிய ஏழாயிரம்பண்ணை, இன்று பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களைச் சார்ந்த ஊர் ஆகும். இங்கு தாய், தந்தை இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் பல.

சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களில் தீப்பெட்டி ஆலைகளை மக்கள் "தீப்பெட்டி ஆபீஸ்" என்பர். 1970கள், 1980களில் இவ்வாலைகளின் பேருந்துகள் விடியுமுன்னே ஊர் ஊராக வந்து சிறுவர்களை ஏற்றிச் சென்றன. அவர்களுள் சிறுமியரே மிகுதி. குழந்தைத் தொழிலாளர் சட்டம் (1986), சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 இல் வழங்கிய தீர்ப்பு ஆகியவற்றின் பின் இந்நிலை படிப்படியாக மாறியது. அன்று பள்ளியை இழந்த சிறுமியர் பின்னர் தாயாகவும் பாட்டியாகவும் ஆயினர். தமக்கு எவரும் சொல்லித் தராததை அவர்கள் மட்டுமே பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டும் என எதிர்பார்ப்பது பொருந்தாது. இதனால் இத்தகைய ஊர்களில் பள்ளியின் பங்கு தவிர்க்க இயலாதது ஆகின்றது.

பாதுகாப்பும் சட்டமும்

நடுவண் அரசு 2007 இல் வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களின் 12,447 குழந்தைகளுள் 53.22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகத் தெரிவித்தனர். கொடுமை செய்தோருள் ஏறத்தாழப் பாதிப் பேர் குழந்தைக்கு அறிமுகமானவர்கள். உடலுறுப்புகளின் பெயரை அறியாத, அவற்றைப் பேசுவது தவறு என்று வளர்க்கப்பட்ட குழந்தையால் நடந்ததை எடுத்துச் சொல்ல இயலாது.

நவம்பர் 14, 2012 முதல் நடைமுறையிலுள்ள போக்சோ சட்டம், 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தை என வரையறுக்கின்றது. குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பது கடமை. பெற்றோரும் ஆசிரியரும் இதற்கு விலக்கல்ல. 18 வயதுக்குட்பட்டவரின் சம்மதம் சட்டப்படி செல்லாது என்பதால், விரும்பிப் பழகும் இளையோரும் வழக்கில் சிக்குகின்றனர். பள்ளியில் இதனைக் கற்பிப்பது ஆண் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு ஆகும். உதவிக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம்.

பெற்றோரின் ஐயமும் பங்கும்

பாலியல் கல்வி பிள்ளைகளைத் தவறான வழியில் தூண்டும் என்பது பெற்றோரின் முதன்மையான அச்சம். யுனெஸ்கோ 2018 இல் வெளியிட்ட வழிகாட்டி, ஆய்வுகளின் அடிப்படையில் இவ்வச்சத்தை மறுக்கின்றது. எனினும், என்ன கற்பிக்கப்படுகிறது என அறிந்துகொள்ளும் பெற்றோரின் விருப்பம் நியாயமானதே. இங்கிலாந்தில் 2020 இல் உறவுகள் மற்றும் பாலியல் கல்வி உயர்நிலைப் பள்ளிகளில் கட்டாயமான போதும், பாலியல் பகுதியிலிருந்து மட்டும் பிள்ளைக்கு விலக்குக் கோரும் உரிமை பெற்றோருக்கு அளிக்கப்பட்டது.

இந்தியாவில் கல்வி உரிமைச் சட்டம் (2009), பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு உறுப்பினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்கிறது. பாடப்பொருளை முன்கூட்டியே பார்வையிடவும், கழிப்பறை, நாப்கின் வசதிகளைக் கேட்டுப் பெறவும் பெற்றோர் இதனைப் பயன்படுத்தலாம்.

உடலியலையும் சட்டத்தையும் பள்ளி கற்பிக்கலாம். ஆனால் துன்பம் நேர்ந்தால் அச்சமின்றி வந்து சொல்லலாம் என்ற நம்பிக்கையைப் பிள்ளைக்குத் தருவது வீடே. பிள்ளை ஒன்றைச் சொல்லும்போது திட்டாமலும், படிப்பை நிறுத்திவிடுவதாக மிரட்டாமலும் கேட்பது, அதிகம் படிக்காத பெற்றோராலும் இயலக்கூடியது ஆகும்.