ரூட்டரின் கதை: குறைந்த காசில் முதல் மெஷின் வாங்கப் போகிறவர்களுக்கு

ரூட்டர் என்றதும் இன்டர்நெட் பெட்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம் :) இது மரவேலை ரூட்டர். பலகையில் காடி வெட்ட, பள்ளம் எடுக்க, ஓரத்தை வளைவாக்க உதவும் மெஷின். 'வழி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் வேறு, 'குடைந்து எடு' என்று பொருள்படும் இந்தச் சொல் வேறு.

கையில் சில ஆயிரம் ரூபாயை வைத்துக்கொண்டு முதல் ரூட்டர் வாங்கக் கிளம்புகிறவரை அதிகம் குழப்புவது அதன் விவரப் பட்டியல்தான். ஃபிக்ஸட் பேஸா, பிளஞ்சா? காலெட் சின்னதா, பெரியதா? வேகத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டுமா? இந்த வசதிகள் ஒவ்வொன்றும் யாருடைய தேவைக்காக வந்தன என்று பார்த்தால், நமக்கு எது வேண்டாம் என்பது தெரிந்துவிடும் என்பது என் கட்சி.

மின்சாரத்துக்கு முன்பே ரூட்டர் இருந்தது. காடியின் அடி முழுக்க ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். வெறும் உளியால் அதைக் கொண்டுவருவது சிரமம். அதனால் இங்கிலாந்துத் தச்சர்கள் ஒரு கட்டையில் துளை போட்டு, அதில் உளி அலகு ஒன்றை ஆப்பு வைத்து இறுக்கிக்கொண்டார்கள். கட்டை பலகையின் மேல் நகரும், கீழே நீட்டிக்கொண்டிருக்கும் அலகு பள்ளத்தின் அடியைச் சுரண்டும். ஒற்றைப் பல்லாகத் துருத்திக்கொண்டிருப்பதால் இதற்கு 'கிழவியின் பல்' என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்காவின் ஸ்டான்லி கம்பெனி 1880களில் இதையே இரும்பில் வார்த்து, 71 என்ற நம்பர் கொடுத்து விற்றது. ஆனால் வீட்டில் செய்த கட்டையும் அதே வேலையைத்தான் செய்தது. இன்றைக்கும் ஆலன் கீ ஒன்றைக் கூர்தீட்டி, கட்டைத்துண்டில் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. மாதம் இரண்டு காடி மட்டும் வெட்டுகிறவர் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், மெஷினே வேண்டாம்.

மின்சார ரூட்டர் பிறந்ததைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில், நியூயார்க் மாநிலத்தின் சைராக்யூஸ் நகரில் ஆர்.எல். கார்ட்டர் என்பவர், முடிவெட்டும் மின்சாரக் கருவியின் மோட்டாரை எடுத்து, அதன் பல்சக்கரத் தண்டைக் கத்தியாகத் தீட்டி மரத்தில் ஓட்டிப் பார்த்தாராம். முடி வெட்டியது மரம் வெட்டியது! அவர் தொடங்கிய தொழிலை 1929-இல் ஸ்டான்லி வாங்கிக்கொண்டது.

இதில் முக்கியமான விஷயம் வேகம். ரூட்டரின் கத்தி ரொம்பச் சின்னது. 6 மி.மீ. விட்டமுள்ள பிட் நிமிடத்துக்கு 30,000 சுற்று சுற்றினாலும் அதன் விளிம்பு நொடிக்கு 9 மீட்டரை ஒட்டித்தான் ஓடும். அந்த வேகம் இல்லாவிட்டால் மரம் சுத்தமாக வெட்டுப்படாது, பிய்யும். இப்போது அதே மெஷினில் 50 மி.மீ. பிட்டை மாட்டிப் பாருங்கள் (நிஜமாக மாட்டிவிடாதீர்கள்!). விளிம்பு நொடிக்கு 78 மீட்டர் ஓடும். அது ஆபத்து. 1980களில் அமெரிக்க வீடுகளில் ரூட்டரை மேஜைக்கு அடியில் தலைகீழாக மாட்டி, கதவுப் பலகைகளுக்குப் பெரிய பிட் ஓட்டும் பழக்கம் பரவியது. 1989-இல் தொடங்கிய 'தி நியூ யாங்கி வொர்க்‌ஷாப்' என்ற டிவி நிகழ்ச்சி அதை இன்னும் பரப்பியது. வேகத்தைக் குறைக்கும் எலெக்ட்ரானிக்ஸ் அவசியமானது இப்படிப் பெரிய பிட் ஓட்டியவர்களுக்குத்தான். சின்ன பிட் மட்டும் ஓட்டப்போகிற நாம் அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

பிளஞ்ச் ஜெர்மனியிலிருந்து வந்தது. 1950-ஐ ஒட்டி எலு என்ற கம்பெனி, மோட்டாரை இரண்டு தூண்களில் ஏற்றி, அமுக்கினால் சுற்றும் பிட் நேராக மரத்துக்குள் இறங்கும்படி செய்தது. பலகையின் ஓரத்தைத் தொடாமல் நடுவிலே பள்ளம் எடுக்க இது அருமையான வழி. 1984-இல் பிளாக் அண்ட் டெக்கர் எலுவை வாங்கியது. பிறகு அதே வடிவமைப்பு டிவால்ட் என்ற பெயரில் மஞ்சள் நிறத்தில் வந்தது. இவ்வளவு பழைய வடிவமைப்பு என்பதால் இன்றைக்கு விலை குறைந்த பிளஞ்ச் ரூட்டர்களும் நிறையக் கிடைக்கின்றன. ஆனால் தூண்கள் ஆடாமல் இறங்குவதில்தான் அதன் உயிர் இருக்கிறது, மலிவு மெஷினில் முதலில் ஆடுவதும் அதுதான். நடுப்பள்ளம் உங்களுக்கு அடிக்கடி தேவையில்லை என்றால் இதையும் தள்ளிப்போடலாம்.

மிஞ்சுவது ட்ரிம்மர். ஒரு கையில் பிடிக்கும் குட்டி ரூட்டர். இதை வளர்த்துவிட்டது மைக்கா. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கச் சமையலறை மேடைகளில் ஃபார்மைக்கா தகடு ஒட்டுவது பெரிய தொழிலானது. ஒட்டிய தகட்டின் நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்தை வெட்ட, எடை குறைந்த மெஷின் தேவைப்பட்டது. நம் ஊரில் பிளைவுட்டும் சன்மைக்காவும் வந்தபோது அதே மெஷின் தச்சர்களின் பைக்குள் வந்து சேர்ந்தது. இத்தனை பேர் வாங்குவதால்தான் இது மலிவு, உதிரிபாகமும் ரிப்பேரும் எளிதாகக் கிடைக்கும். முதல் மெஷினாக நான் சொல்வது இதையே.

மிச்சப்பட்ட காசு பிட்டுக்குப் போகட்டும். பழைய ஸ்டீல் பிட்டுகள் பிளைவுட்டின் பசையில் சீக்கிரம் மழுங்கிவிடும். டங்ஸ்டன் கார்பைடை 1920களில் ஜெர்மனியின் குருப் கம்பெனி 'விடியா' என்ற பெயரில் விற்றது. 'வைரம் போல' என்பதற்கான ஜெர்மன் சொற்களின் சுருக்கம் அது. அந்தக் கார்பைடு முனைதான் இன்று நல்ல பிட்டுகளில் இருப்பது. ஓரம் வெட்டும் பிட்டில் பால் பேரிங் இருக்கிறதா என்றும் பாருங்கள். முன்பு அங்கே வெறும் இரும்புக் குமிழ்தான் இருந்தது. பிட்டோடு சேர்ந்து அதுவும் சுற்றி, உரசி, மரத்தைக் கருக்கிவிடும். நேர் பிட் ஒன்று, பேரிங் பிட் ஒன்று, தொடக்கத்துக்கு இந்த இரண்டும் போதும்.

கடைசியாகக் காலெட். ட்ரிம்மர்கள் சில 6 மி.மீ. அளவிலும் சில கால் அங்குலத்திலும், அதாவது 6.35 மி.மீ.யிலும் வருகின்றன. கால் அங்குல பிட் 6 மி.மீ. காலெட்டுக்குள் நுழையாது. 6 மி.மீ. பிட் கால் அங்குலக் காலெட்டில் நுழையும், ஆனால் சரியாகப் பிடிக்காது. இறுக்கிவிட்டோம் என்று நினைத்து ஓட்டினால் 30,000 சுற்றில் கழன்று வரும். மெஷினையும் பிட்டையும் ஒரே கடையில், ஒன்றில் ஒன்றைப் பொருத்திப் பார்த்தே வாங்குங்கள்.