பிள்ளைக்காம்பராவும் கொழுந்துக் கூடையும்

தாலாட்டை நாட்டார் இலக்கியத்தின் ஒரு வகையாக வகுப்பில் நடத்தும்போது, பாடுபவள் தாய், கேட்பது சேய் என்றொரு சித்திரத்தை நாம் எளிதாக வரைந்துவிடுகிறோம். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினால் அச்சித்திரம் கலைந்துபோகிறது. பகற்பொழுதில் அங்கே தொட்டிலை ஆட்டியவள் பெரும்பாலும் தாயல்லள், தோட்டம் அமர்த்திய ஆயா. தொட்டில் தொங்கிய இடமும் வீடன்று, பிள்ளைக்காம்பரா. பிள்ளை மடுவம் என்றும் இதனை வழங்குவர். காம்பரா போர்த்துக்கீசிய வழி வந்த சொல். மடுவம் கொட்டகையைக் குறிக்கும் சிங்களச் சொல்லின் திரிபு. இரு பெயர்களிலும் 'பிள்ளை' மட்டுமே தமிழ்!

இவ்விடம் தோன்றியதற்குக் காரணம் தேயிலைச் செடியின் இயல்பே எனலாம். கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து சென்றோருள் பலர் அறுவடைக்குச் சென்று ஊர் திரும்பிய ஆடவர். 1869ஆம் ஆண்டு முதற்கொண்டு பரவிய இலைநோய் கோப்பியை அழித்தது; அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து விடுவது. அதைக் கிள்ளும் வேலை பெண்கள் கையில் விழுந்தது. குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன, குழந்தைகள் பிறந்தன. தாய் மலையேற வேண்டுமானால் பிள்ளையை ஏந்த ஒரு கை வேண்டும். அந்தக் கையைத் தோட்டமே அமர்த்திக்கொண்டது.

விடியலில் பெரட்டுக்குச் செல்லுமுன், பனியிலும் மழையிலும் துணியால் போர்த்திய பிள்ளையைத் தாய் அங்கே விட்டுச்செல்வாள். விட்டத்திலிருந்து தொங்கும் சேலைத் தொட்டில்களில் கைக்குழந்தைகள் கிடக்கும். தவழ்வனவும் நடப்பனவும் தரையில் விளையாடும். மலையில் இனிக் கொழுந்தெடுக்க இயலாத மூத்த பெண்ணே பல தோட்டங்களில் ஆயாவாக இருந்தாள். ஒரு குழந்தை அழத் தொடங்கினால் மற்றவையும் சேர்ந்தழும். இரண்டு கைகளால் எத்தனை தொட்டில்களை ஆட்டுவது? இடையில் தாய் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு மீண்டும் மலையேறுவாள். அவள் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் மாலையில் தராசில் குறையும். பிள்ளையின் பசியும் கூடையின் எடையும் ஒரே கணக்கில் எதிரெதிரே நின்றன.

சட்டம் இதனை மெல்லவே கண்டுகொண்டது. இலங்கையின் மகப்பேற்று நன்மைகள் சட்டம் 1939இல் வந்தது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு இரண்டு இடைவேளைகள் என்னும் விதி பிற்காலத் திருத்தத்தால் அதிற் சேர்ந்தது. பிள்ளைக்காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் அரைமணி, இல்லையேல் ஒருமணி. இந்தியாவின் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமோ, ஐம்பது பெண்கள் வேலைசெய்யும் தோட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. வால்பாறைத் தோட்டங்களுக்கும் அதுவே விதியாக இருந்தது.

காம்பரா இல்லாத இடத்தில், அல்லது தாய்க்கு அதில் நம்பிக்கை இல்லாதபோது, அக்காள் ஒருத்தி பள்ளியை விட்டு நின்றாள். தம்பியை இடுப்பில் சுமந்த அச்சிறுமியின் படிப்பு எந்தச் செக்ரோலிலும் கழிவாகப் பதியப்படவில்லை. ஆகவே பிள்ளைக்காம்பராவை முதலாளியின் சூழ்ச்சி என்று மட்டும் ஒதுக்கிவிட நம்மால் இயலவில்லை. தாயின் உழைப்பைப் பெறக் கட்டிய கொட்டகையே, நன்கு நடந்த இடங்களில், மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியது.

1972, 1975 நிலச்சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. பின்னர் பல காம்பராக்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் என்னும் பெயர் பெற்று, பயிற்சி பெற்ற பெண்களின் பொறுப்பில் வந்தன. இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே.

சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் மலையக மக்களின் பாடல்களைத் தொகுத்தளித்தனர். அத்தகைய தொகுப்பில் ஒரு தாலாட்டை இனி வாசிக்கும்போது, பாடியவள் பெற்றவளா, பிறர் பிள்ளைகளை ஆட்டியவளா என்று நாம் ஒருகணம் கேட்டுப் பார்க்கலாம். பத்துப் பிள்ளைகளை ஒரே பாட்டில் உறங்கவைத்த அந்த ஆயாவுக்கும் நம் இலக்கிய வரலாற்றில் ஒரு வரி உரியதுதானே?