கினோசாக்கி வெந்நீரூற்று விடுதிகள்

கினோசாக்கி ஜப்பானின் ஹியோகோ மாகாணத்தில், ஜப்பான் கடலுக்கு அருகே அமைந்துள்ள பழமையான வெந்நீரூற்று ஊர். 2005 முதல் இது தோயோஓகா நகரத்தின் ஒரு பகுதி. ஒதானி என்ற சிறு ஆற்றின் இரு கரைகளிலும் ரியோகான் எனப்படும் மரபான தங்கும் விடுதிகள் வரிசையாக உள்ளன. ஜப்பானின் மற்ற பல வெந்நீரூற்று ஊர்களில் விருந்தினர் தாம் தங்கும் விடுதிக்குள்ளேயே குளிப்பர். கினோசாக்கியில் அவர்கள் விடுதியை விட்டு வெளியே வந்து, தெருவில் நடந்து, ஊருக்குப் பொதுவான குளியல் கூடங்களுக்குச் செல்கின்றனர். வெந்நீர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை முன்வைத்து 1927 முதல் 1950 வரை நடந்த ஒரு வழக்கின் ஊடாக நிலைபெற்றது இந்த வழக்கம்.

விடுதி மரபின் இரு வேர்கள்

இன்றைய ரியோகானில் இரண்டு பழைய தங்கல் முறைகள் கலந்துள்ளன. ஒன்று நெடுஞ்சாலை விடுதி. 1601 இல் தோக்குகாவா இயெயாசு தோக்காய்தோ சாலையில் தங்கல் நிலையங்களை ஏற்படுத்தினார். பிரபுக்கள் ஹொன்ஜின் என்ற மாளிகைகளில் தங்கினர். எளிய பயணிகள் உணவும் படுக்கையும் தரும் ஹதாகோ விடுதிகளில் தங்கினர். அதனினும் எளிய விடுதிகளில் பயணிகள் விறகுக்கு மட்டும் காசு கொடுத்துத் தாமே சமைத்துக்கொண்டனர்.

மற்றொன்று தோஜி எனப்படும் நீர்ச்சிகிச்சைத் தங்கல். உழவர்களும் மீனவர்களும் வேலை ஓய்ந்த காலத்தில் அரிசியைச் சுமந்து ஊற்று ஊர்களுக்குச் சென்று தங்கினர். ஏழு நாள் ஒரு சுற்று. மூன்று சுற்று, அதாவது இருபத்தொரு நாள், முழுச் சிகிச்சை எனக் கருதப்பட்டது. ஒரே இரவு தங்கிச் செல்லும் பயணிகளை ஏற்பது சாலை நிலையங்களின் உரிமையாக இருந்தது. 1805 இல் ஹக்கோனே யுமோத்தோவின் ஊற்று விடுதிகள் ஓரிரவுப் பயணிகளை ஏற்பதை எதிர்த்து, அருகிலிருந்த ஒதவாரா நிலையம் முறையிட்டது. முடிவு ஊற்று விடுதிகளுக்குச் சாதகமாக அமைந்தது. ஓரிரவு தங்கி, குளித்து, உண்டு திரும்பும் இன்றைய வழக்கத்தின் தொடக்கங்களில் இதுவும் ஒன்று.

ஊற்றின் தொன்மம்

காயம்பட்ட நாரை ஒன்று ஒரு நீர்க்குட்டையில் நின்று குணமடைந்ததாகவும், அவ்விடத்தைத் தோண்டியபோது வெந்நீர் கிடைத்ததாகவும் ஊரார் கூறுவர். கோனோயு என்ற குளியல் கூடத்தின் பெயரில் அந்த நாரை இன்றும் வாழ்கிறது. மற்றொரு கதையின்படி, தோச்சி என்ற பௌத்தத் துறவி நோயாளிகளுக்காக ஆயிரம் நாள் வேண்டுதல் செய்து, 720 இல் வெந்நீரை வரவழைத்தார். அவர் நிறுவியதாகச் சொல்லப்படும் ஒன்சென்ஜி கோயில் மலைச்சரிவில் உள்ளது. முற்காலத்தில் குளிக்க வருவோர் முதலில் அக்கோயிலை வணங்கி, அங்கே ஓர் அகப்பையைப் பெற்றுக்கொண்டே நீருக்குச் செல்வர். நீர் கொடையாக வந்தது, தனி ஒருவர் உழைப்பால் வந்ததன்று என்ற எண்ணம் இக்கதைகள் இரண்டிலும் உண்டு.

18 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ககாவா ஷூஆன் என்ற மருத்துவர் கினோசாக்கியின் நீரை நாட்டிலேயே முதன்மையானது எனப் புகழ்ந்தார். இச்சினோயு, அதாவது முதல் நீர், என்ற கூடத்தின் பெயர் அதிலிருந்தே வந்தது. 1864 இல் கியோத்தோவில் நடந்த மோதலுக்குப் பின் தேடப்பட்ட கத்சுரா கோகோரோ இவ்வூரில் சில காலம் மறைந்திருந்தார். பின்னாளில் கிதோ தகாயோஷி என்ற பெயரில் மெய்ஜி அரசின் தலைவர்களுள் ஒருவரானவர் அவரே. 1909 இல் தொடர்வண்டி ஊருக்கு வந்தது. 1913 இல் தோக்கியோவில் தொடர்வண்டி மோதிக் காயமடைந்த எழுத்தாளர் ஷிகா நவோயா, உடல் தேற இங்கு வந்து தங்கினார். அத்தங்கலிலிருந்து பிறந்த 'கினோசாக்கியில்' என்ற சிறுகதை 1917 இல் வெளியானது.

1925 நிலநடுக்கம்

1925 மே 23 அன்று வடக்குத் தஜிமா பகுதியை நிலநடுக்கம் தாக்கியது. மதிய உணவுக்காக அடுப்புகள் எரிந்துகொண்டிருந்த வேளை அது. நெருக்கமான மரக் கட்டடங்களில் தீப்பற்றி, கினோசாக்கி ஏறத்தாழ முழுவதும் எரிந்தது. வட்டாரம் முழுவதிலும் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பெரும்பகுதியினர் இவ்வூரில் இருந்தவர்கள்.

மீட்டெடுக்கும்போது தெருவையும் ஆற்றையும் அகலப்படுத்த, நில உடைமையாளர்கள் தத்தம் நிலத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தனர். ஆற்றின் கரைகள் உயர்த்தப்பட்டுக் கல்லால் கட்டப்பட்டன. தீ பரவாமல் தடுக்க முக்கிய இடங்களில் கான்கிரீட் கட்டடங்கள் எழுந்தன. ஆனால் விடுதிகளை மரத்தாலேயே மீண்டும் கட்டினர். கல்பாலங்களும் கரையோரப் பனிவில்லோ மரங்களும் கொண்ட இன்றைய தெருக்காட்சி அந்தச் சீரமைப்பின் விளைவு.

உட்குளியல் வழக்கு

நிலநடுக்கத்துக்கு முன்புவரை எந்த விடுதியிலும் வெந்நீரூற்றுக் குளியலறை இல்லை. பெரிய விடுதியில் தங்கியவரும், சிறிய விடுதியில் தங்கியவரும், ஊர்க்காரரும் பொதுக் கூடங்களில் ஒரே தொட்டியில் இறங்கினர். 1927 இல் ஒரு பழைய விடுதி தன் வளாகத்துக்குள்ளேயே வெந்நீர்க் குளியலறை அமைக்க முற்பட்டபோது ஊர் கொதித்தெழுந்தது. ஊற்றின் உரிமையை ஊர் சார்பில் வைத்திருந்த யுஷிமா சொத்து மன்றம் நீதிமன்றம் சென்றது.

விடுதியின் தரப்பு நில உரிமையைச் சார்ந்தது: தன் நிலத்தில் கிடைப்பதைத் தான் பயன்படுத்தலாம் என்பது அதன் வாதம். ஊரின் தரப்பு பழைய வழக்கத்தைச் சார்ந்தது. நிலத்தடியில் வேலி கிடையாது. ஓரிடத்தில் அதிகமாக இறைத்தால் மற்றோர் இடத்தில் ஊற்று தாழும். அதைவிடப் பெரிய அச்சம் ஒன்றும் இருந்தது. பெரிய விடுதிகள் தனிக் குளியலறை அமைத்தால், விருந்தினர் வெளியே வர மாட்டார்கள். குளியலறை கட்ட வசதியில்லாத சிறு விடுதிகளும், குளித்துத் திரும்புவோரை நம்பியிருந்த தெருக் கடைகளும் நொடித்துப்போகும்.

ஜப்பானின் குடிமைச் சட்டத்தில் வெந்நீர் உரிமை பற்றித் தனி விதி இல்லை. 1940 இல் அன்றைய உச்ச நீதிமன்றம், நாகானோ மாகாணத்தின் வேறொரு வழக்கில், வெந்நீர் உரிமையை நிலத்திலிருந்து தனித்து நிற்கக்கூடிய வழக்காற்று உரிமையாக ஏற்றது. வெந்நீரூற்றுச் சட்டம் 1948 இல் வந்தது. மூலத்தில் 25 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பம், அல்லது பட்டியலிடப்பட்ட 19 பொருள்களில் ஏதேனும் ஒன்று போதிய அளவில் இருத்தல் என்ற வரையறையை அது தந்தது. புதிதாகத் துளையிட மாகாண ஆளுநரின் அனுமதியையும் கட்டாயமாக்கியது.

கினோசாக்கி வழக்கு 1950 இல் சமரசத்தில் முடிந்தது. ஊற்றின் உரிமை சொத்து மன்றத்திடமே இருக்கும்; விடுதிகள் அளவு வரம்புக்கு உட்பட்டு உட்குளியல் அமைத்துக்கொள்ளலாம் என்று இரு தரப்பும் ஏற்றன. 1972 இல் ஊற்றுகளின் நீரை ஓரிடத்தில் சேர்த்துக் குழாய்வழியே கூடங்களுக்கும் விடுதிகளுக்கும் பகிர்ந்தளிக்கும் முறை நிறைவுற்றது. வென்றவர் தோற்றவர் என்று இருவரும் ஆகாமல், பொதுக் கூடங்கள் ஊரின் நடுவிலேயே நிலைத்தன.

தங்கும் முறை

விருந்தினர் பொதுவாகப் பிற்பகலில் வருவர். வாசலில் காலணியைக் கழற்றி, தத்தாமி பாய் விரித்த அறைக்குள் அழைத்துச் செல்லப்படுவர். முதலில் தேநீரும் இனிப்பும் வரும். பிறகு யுகாத்தா என்ற பருத்தி அங்கியை உடுத்தி, கெத்தா என்ற மரச் செருப்பை அணிந்து தெருவில் இறங்குவர். ஊரின் எந்த விடுதியில் தங்கினாலும், பொதுக் கூடங்களுக்கான நுழைவு அந்தத் தங்கலோடு சேர்ந்தே கிடைக்கிறது.

கூடத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனிப் பகுதிகள் உண்டு. தொட்டியில் இறங்குமுன் சிறு முக்காலியில் அமர்ந்து சோப்பிட்டு உடலை நன்கு கழுவ வேண்டும். தொட்டி அழுக்கு நீக்கும் இடமன்று. உடல் தளர்த்தும் இடம். ஆடை எதுவும் அணிவதில்லை. சிறு துவாலையையும் நீரில் நனைப்பதில்லை. ஜப்பானின் பல குளியல் கூடங்கள் பச்சை குத்தியவர்களை அனுமதிப்பதில்லை. கினோசாக்கியின் பொதுக் கூடங்களில் அத்தடை இல்லை.

கட்டணத்தில் இரவு உணவும் காலை உணவும் அடங்குவது வழக்கம். நவம்பர் முதல் மார்ச் வரை ஜப்பான் கடல் நண்டுக்குப் பெயர்பெற்ற பருவம். உணவுக்குப் பின் பணியாளர் பாயின்மேல் மெத்தை விரிப்பர்.

பொதுநீரின் பொருள்

கினோசாக்கியினர் தம் ஊரையே ஒரே விடுதியாக வருணிப்பதுண்டு: தொடர்வண்டி நிலையம் அதன் வாசல், தெரு அதன் நடைக்கூடம், ஒவ்வொரு ரியோகானும் ஓர் அறை, பொதுக் கூடங்களே அதன் குளியலறை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல ஊற்று ஊர்களில் பெருவிடுதிகள் உணவகம், கடை, கேளிக்கை அனைத்தையும் தம் கூரைக்கு உள்ளேயே கொண்டுவந்தன, வெளித்தெருக்கள் வெறிச்சோடின. கினோசாக்கியின் தெருவில் மட்டும் மாலை நேரத்தில் மரச் செருப்புகளின் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஏறத்தாழ கால் நூற்றாண்டு நீண்ட வழக்கில் அவ்வூர் காத்துக்கொண்டது நீரை மட்டுமன்று, அந்த நடையையும்தான்.